அவசரப்படாத அடுப்பு

கோடையைப் பற்றி எழுதப் புகுந்தவர்கள் சந்தனம், விசிறி, நுங்கு, இளநீர், மொட்டைமாடிக் காற்று ஆகியவற்றையெல்லாம் விஸ்தாரமாக வர்ணித்திருக்கிறார்களே அன்றி, அந்தக் கோடையின் நடுப்பகலில் அடுப்பின் முன்னே நின்றுகொண்டு வீட்டார் அனைவருக்கும் ஆகாரம் சமைத்துப் போடுகிறவரின் நிலையை அதிகமாகப் பிரஸ்தாபித்ததில்லை. வெளியே வெயிலும் உள்ளே தணலுமாக இரண்டுக்கும் நடுவில் அகப்பட்டுக்கொண்ட அவருக்குக் கவிஞர்கள் சொல்லும் தென்றல் கிட்டுவதே இல்லை. இந்தச் சிரமம் நம்மைப் போன்ற உஷ்ணப் பிரதேசத்தாருக்கு மட்டுமே உரியது என்று நினைத்துவிட வேண்டாம். அமெரிக்காவின் நடுமாநிலங்களிலும் தென்மாநிலங்களிலும் ஜூலை, ஆகஸ்டு மாதங்களில் அடிக்கும் வெயில் நம் அக்கினி நட்சத்திரத்துக்குச் சற்றும் இளைத்ததன்று. இறைச்சியையும் பயற்றையும் மணிக்கணக்காக ஓவனில் வைத்து வேகவிடும் வழக்கமுள்ள அந்த நாட்டாருக்கு, கோடைச் சமையல் ஒரு நூற்றாண்டுக்கு மேலாகவே பெரிய பிரச்சினையாக இருந்து வந்திருக்கிறது.

அந்தப் பிரச்சினைக்குப் பரிகாரமாகப் பிறந்த சாதனங்களுள் ஒன்று ஸ்லோ குக்கர். ஆனால், அமெரிக்கக் குடும்பங்கள் பலவற்றில் அதைக் குளிர்காலத்துச் சாமானாகவே கருதிவிட்டார்கள். இலைகள் உதிரத் தொடங்கும்போது பரணிலிருந்து இறங்கி, பனிக்காலம் முழுவதும் கொழுகொழுவென்ற இறைச்சிக் குழம்புகளைக் காய்ச்சிக் கொடுத்துவிட்டு, வெயில் தலைகாட்டியதும் மறுபடி பரணேறிவிடுவது அதன் வருஷாந்தர வாழ்க்கையாகிவிட்டது. இது அந்தப் பாத்திரத்துக்கு இழைக்கப்படும் அநீதி என்பது என் அபிப்பிராயம். அதன் பூர்வோத்தரத்தைக் கேட்டாலும் சரி, அது உமிழும் உஷ்ணத்தைக் கணக்கிட்டுப் பார்த்தாலும் சரி, அது வேனிற்காலத்துக்கே ஏற்ற அடுப்பு என்பது விளங்கும்.

பார்த்திராதவர்களுக்காக அதன் உருவத்தைச் சொல்லிவிடுகிறேன். வெளியே ஓர் உலோகக் கூடு. உள்ளே கனமான பீங்கான் சட்டி. மேலே கண்ணாடி மூடி. மின்சாரத்தால் சூடேறும் கம்பி, நம் மின்னடுப்பில் இருப்பதுபோல அடியில் சுருண்டு கிடக்காமல், கூட்டின் சுவரைச் சுற்றி ஒட்டியாணம்போல ஓடுகிறது. ஆதலால் சூடு அடியிலிருந்து தாக்காமல் பக்கங்களிலிருந்து மெல்ல மெல்ல உட்புகுகிறது; பீங்கானோ சூட்டைச் சட்டென்று ஏற்காது, ஏற்றபின் சட்டென்று விடவும் விடாது. மூடியை இறுக்கத் திருகோ ரப்பர் வளையமோ கிடையாது. முதல் ஒரு மணி நேரத்தில் கண்ணாடியின் உட்புறம் பனி படர்ந்தாற்போல் மங்குகிறது. பிறகு அந்த மங்கல் திவலைகளாகத் திரண்டு, விளிம்பை நோக்கி வழிந்து, மூடிக்கும் சட்டிக்கும் இடையே மெல்லிய நீர்க்கோடாகத் தங்கிவிடுகிறது. அந்த நீர்க்கோடுதான் அதன் பூட்டு. மேலெழும் ஆவி அந்தப் பூட்டைக் கடக்கமாட்டாமல், மீண்டும் குளிர்ந்து பதார்த்தத்தின்மீதே சொட்டுகிறது. விசில் ஊதாது, பொங்கி வழியாது, அடிப்பிடிக்காது. மூன்றாம் மணி நேரத்தில் வாசனை வரும் வரையில், அடுப்பெரிகிறது என்பதையே வீட்டிலுள்ளவர்கள் மறந்திருப்பார்கள்.

இதன் பூர்வ சரித்திரம் லித்துவேனியாவில் தொடங்குகிறது. இன்று வில்னியஸ் என்று வழங்கும் வில்னா நகரத்தில் யூதர்கள் பெருந்தொகையினராக வாழ்ந்த காலம் ஒன்று இருந்தது. யூத சமயத்தில் வெள்ளிக்கிழமை சூரியாஸ்தமனம் முதல் சனிக்கிழமை இரவு வரை ஓய்வுநாள். அந்த நாளில் நெருப்பு மூட்டலாகாது, சமைக்கலாகாது. ஆனால் சனிக்கிழமை மத்தியான்னத்தில் குடும்பத்தார் ஒன்றாக அமர்ந்து சூடான போஜனம் செய்ய வேண்டும் என்பதும் அவர்களுடைய ஆசை. நெருப்பைத் தொடவும் கூடாது, உணவு ஆறவும் கூடாது என்ற இந்த நெருக்கடியிலிருந்து பிறந்தது சோலன்ட் என்னும் பதார்த்தம். மாட்டிறைச்சி, மொச்சை வகைகள், பார்லி, உருளைக்கிழங்கு ஆகியவற்றை ஒரு பானையில் இட்டு, நீர் விட்டு, மூடி, வெள்ளிக்கிழமை மாலை பொழுது சாயும் முன்னர் ஊர் ரொட்டிக் கடைக்குக் கொண்டுபோய்க் கொடுத்துவிடுவார்கள். ரொட்டி சுட்டு முடித்த அந்தப் பேரடுப்பு, தீ அணைந்த பின்னரும் இரவு முழுவதும் தன் சூட்டை மெல்ல மெல்ல விட்டுக்கொண்டிருக்கும். அந்த எஞ்சிய உஷ்ணத்தில், யாரும் கிளறாமலும் யாரும் காவல் காக்காமலும், வீட்டுக்கு வீடு வந்த பானைகள் வரிசையாக இருந்து வெந்துகொண்டிருக்கும். மறுநாள் நடுப்பகலில் ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஒருவர் போய்த் தம் பானையை வாங்கி வருவார். கடினமான இறைச்சி நாராகக் கரைந்து, பயறு அதன் சாற்றையெல்லாம் உறிஞ்சி, பார்லி கூழாகக் குழைந்து, எது எது என்று பிரித்தறிய முடியாத ஒரு சுவையாகிவிட்டிருக்கும்.

அமெரிக்காவுக்குக் குடியேறிய ஒரு யூதக் குடும்பத்தில், வில்னாவிலே சிறுமியாக வளர்ந்த மூதாட்டி ஒருவர் இந்தப் பானையையும் ரொட்டிக் கடையையும் பற்றிச் சொன்ன கதையைக் கேட்டு வளர்ந்தவர் இர்விங் நாக்ஸன். சிக்காகோவில் மின்சாரப் பொறியாளராகத் தொழில் புரிந்தவர். தம் ஆயுளில் இருநூற்றுக்கு மேற்பட்ட காப்புரிமைகளைப் பெற்றவர். ரொட்டிக் கடையின் ஆறிவரும் அடுப்பை ஒரு சிறு கலத்தின் அளவுக்குச் சுருக்கி, மேஜையின்மேல் வைத்துக்கொள்ள முடியுமா என்று அவர் யோசித்தார். ஓவனை மூட்டி வீட்டையே உலையாக்காமல் கோடையில் சமைக்க வேண்டும் என்பதும் அவர் கருத்தில் இருந்ததாக அவர் குடும்பத்தார் பிற்காலத்தில் கூறியதுண்டு. அவர் காப்புரிமைக்கு விண்ணப்பித்தது 1936ஆம் வருஷம். அந்த வருஷத்துக் கோடையில்தான் அமெரிக்காவின் நடுமாநிலங்களை வெப்ப அலையொன்று தாக்கி, ஆயிரக்கணக்கானோரைப் பலி கொண்டது. குளிர்சாதனம் வீடுகளுக்கு வராத காலமாதலால், சிக்காகோ வாசிகள் படுக்கையைச் சுருட்டிக்கொண்டு ஏரிக்கரையிலும் பூங்காக்களிலும் இரவைக் கழித்தார்கள். அப்படிப்பட்ட ஊரில், கொதிக்கும் ஓவனை ஐந்தாறு மணி நேரம் எரியவிடுவது எத்தகைய கொடுமை என்பதை நான் விளக்க வேண்டியதில்லை.

1940இல் காப்புரிமை கிடைத்தது. நாக்ஸன் பீனரி என்ற பெயரில் அவர் விற்ற அந்தக் கலம் பயறு வேகவைக்கும் பாத்திரமாகவே நெடுங்காலம் இருந்து வந்தது. சிற்றுண்டிச்சாலைக்காரர்கள் வாங்கினார்களே தவிர, இல்லறத்தார் அதை அவ்வளவாகத் திரும்பிப் பார்க்கவில்லை. 1970இல் கான்ஸாஸ் நகரத்து ரைவல் என்னும் நிறுவனம் நாக்ஸனின் தொழிலை விலைக்கு வாங்கியபோது, இந்தப் பயற்றுச் சட்டியும் மற்றச் சாமான்களோடு சாமானாக வந்து சேர்ந்தது. நிறுவனத்தின் சமையற் பரிசோதனைக்கூடத்தார் அதில் பயறு மட்டுமன்றி இறைச்சி, குழம்பு, கறி முதலிய பலவற்றையும் வைத்துப் பார்த்து, அவை நன்றாகவே வேகின்றன என்று கண்டார்கள். 1971இல், க்ராக்-பாட் என்ற புதுப் பெயரோடு, சிக்காகோவில் நடந்த வீட்டுச் சாமான் கண்காட்சியில் அது அரங்கேறியது. அக்காலத்து ருசிக்கு ஏற்பப் பழுத்த கோதுமையின் மஞ்சளிலும் அவகாடோப் பச்சையிலும் வண்ணம் பூசப்பட்டிருந்தது. பெண்கள் ஏராளமாக வேலைக்குப் போகத் தொடங்கியிருந்த காலம். 1973இல் எண்ணெய் நெருக்கடி வந்து எரிபொருளை எண்ணி எண்ணிச் செலவழித்த காலம். காலையில் நிரப்பிவிட்டுப் போனால் மாலையில் சமையலாகிக் காத்திருக்கும் பாத்திரத்துக்கு அதைவிட நல்ல முகூர்த்தம் வாய்த்திருக்க முடியாது. 1971இல் 20 லட்சம் டாலராக இருந்த விற்பனை 1975இல் 9 கோடியே 30 லட்சம் டாலராக ஏறியது. இடையில், 1974இல், பீங்கான் சட்டியைத் தனியே கழற்றிக் கழுவும்படி அமைத்ததும் அதற்கு ஒரு காரணம். அதற்கு முன்பெல்லாம் மின்கம்பி ஈரமாகாமல் அதைத் துலக்குவது ஒரு வித்தையாகவே இருந்திருக்கும். 1975இல் மேபல் ஹாஃப்மன் என்பவர் இந்தக் கலத்துக்கென்றே எழுதிய சமையற்புத்தகம் விற்பனையில் பெரும் பிரபல்யம் அடைந்தது.

சரித்திரம் இருக்கட்டும், உஷ்ணத்தின் கணக்குக்கு வருவோம். இந்தக் கலம் அடுக்களையைச் சூடாக்குவதே இல்லை என்று விளம்பரங்கள் சொல்லுவதுண்டு. அது அத்தனையும் மெய்யன்று. மின்சாரத்தைச் சாப்பிடும் எந்த அடுப்பும், சாப்பிட்டதையெல்லாம் கடைசியில் உஷ்ணமாகவே கக்கும். ஸ்லோ குக்கரும் அதற்கு விலக்கல்ல. விஷயம் எவ்வளவு கக்குகிறது, எவ்வளவு வேகமாகக் கக்குகிறது, எங்கே வைத்துக் கக்குகிறது என்பனவற்றில் இருக்கிறது. ஆறு லிட்டர் கொள்ளும் ஸ்லோ குக்கர் ஏறக்குறைய 150 முதல் 250 வாட் வரையில் மின்சாரம் இழுக்கும். சும்மா உட்கார்ந்திருக்கும் மனிதன் ஒருவனுடைய உடம்பிலிருந்து சுமார் 100 வாட் உஷ்ணம் வெளிப்படுகிறது. ஆகையால், சமையலறையில் விருந்தாளிகள் இருவர் வந்து நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தால் எவ்வளவு வெக்கை கூடுமோ அவ்வளவே இந்தக் கலத்தால் கூடும். ஓவனோ 2000 வாட்டுக்கு மேல் இழுக்கும் கம்பிகளை உடையது. சூடேறிய பின் விட்டு விட்டுத்தான் எரியுமென்றாலும், அதன் பெரிய வயிறு முழுவதையும் சூடாக வைத்திருந்து, கதவைத் திறக்குந்தோறும் ஒரு முறை முகத்தில் அறைகிறது. எரிவாயு அடுப்பில் சிறு தீயாக எரியவிட்டு மூன்று மணி நேரம் இறைச்சியை வேகவைத்தால், பாத்திரத்தில் ஏறாமல் பக்கங்களில் நழுவிப்போகும் சூடு கணிசமானது. அதுவும் அறையிலேதான் தங்குகிறது.

ஆவியின் கணக்கு இன்னும் சுவாரஸ்யமானது. ஒரு லிட்டர் நீர் முழுவதும் ஆவியாவதற்குச் சுமார் 2260 கிலோஜூல் உஷ்ணம், அதாவது மின்சார யூனிட்டில் சொன்னால் ஏறக்குறைய 0.63 யூனிட் சக்தி செலவாகிறது. மூடாத பாத்திரத்தில் குழம்பு கொதிக்கும்போது அந்தச் சக்தியெல்லாம் ஆவியோடு எழுந்து, அறைக்காற்றில் ஈரமாகக் கலந்துவிடுகிறது. காற்றில் ஈரம் ஏற ஏற, உடம்பின் வேர்வை உலர மறுக்கிறது; உலராத வேர்வை உடம்பைக் குளிர்விப்பதும் இல்லை. வெப்பமானி காட்டும் அளவைவிட அடுக்களையின் புழுக்கம் அதிகமாகத் தோன்றுவதற்கு இதுவே ஹேது. சென்னை, தூத்துக்குடி போன்ற கடற்கரையூர்களில் இருப்பவர்கள் இதைப் புத்தகத்தில் படிக்க வேண்டியதில்லை. நீர்ப்பூட்டிட்ட மூடியை உடைய ஸ்லோ குக்கரிலிருந்து ஆவி அநேகமாக வெளியேறுவதில்லை; அது சமையலறைக்குச் செய்யும் உபகாரங்களில் தலையாயது இதுதான் என்று நான் கருதுகிறேன். ஆவி போகாததால் நீரும் குறைவதில்லை என்பதை மட்டும் நினைவில் வைத்து, வழக்கமாக விடுவதைவிடக் குறைவாகவே நீர் விட வேண்டும். இல்லையேல் குழம்பு ரசமாகிவிடும்.

எல்லாவற்றினும் பெரிய சௌகரியம், அடுப்பை அதன் இடத்திலிருந்தும் காலத்திலிருந்தும் பெயர்த்துவிடலாம் என்பது. டெக்ஸஸ், அரிஸோனா முதலிய மாநிலங்களில் சில குடும்பத்தார் கோடை வந்ததும் ஸ்லோ குக்கரைச் சமையலறையிலிருந்து எடுத்துக்கொண்டுபோய், கார் நிறுத்தும் கொட்டகையிலோ கூரையுள்ள கொல்லைத் தாழ்வாரத்திலோ வைத்துவிடுகிறார்கள். இரண்டு விருந்தாளிகளையும் திண்ணைக்கு அனுப்பியாயிற்று. குளிர்சாதனம் ஓடும் வீட்டில் இதற்கு இரட்டைப் பலன் உண்டு. உள்ளே பிறந்த சூட்டை வெளியேற்றுவதற்கென்று மேலும் ஒரு பங்கு மின்சாரம் செலவழிக்க வேண்டியதில்லை. மழை படாத இடமாகவும், பூனையும் குழந்தையும் எட்டாத உயரமாகவும், சுவரிலுள்ள ப்ளக்கிலேயே நேராகச் செருகக்கூடியதாகவும் இருக்க வேண்டும். மெல்லிய நீட்டிப்புக் கம்பியை எட்டு மணி நேரம் நம்பியிருப்பது புத்திசாலித்தனமன்று. காலத்தைப் பெயர்ப்பதோ இதைவிட எளிது. இரவு பத்து மணிக்குப் பாத்திரத்தை நிரப்பிவிட்டுப் படுத்தால், விடியற்காலை ஆறு மணிக்கு வெந்திருக்கும். பகலின் வெயிலும் சமையலின் உஷ்ணமும் ஒன்றையொன்று சந்திப்பதே இல்லை.

இப்படி அடுப்பை அப்புறப்படுத்தும் யுக்தி புதிதன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டில் பென்ஸில்வேனியாவின் ஜெர்மானியக் குடியானவர்களும் நடுமாநிலப் பண்ணைக்காரர்களும், வீட்டை விட்டுச் சற்றுத் தள்ளிக் கோடைச் சமையலறை என்றே ஒரு சிறு கட்டடம் கட்டிக்கொண்டு, மே மாதம் முதல் அடுப்புவேலை முழுவதையும் அங்கே மாற்றிவிடுவார்கள். மொராக்கோ தேசத்து மராக்கேஷ் நகரத்தார் கண்ட வழி எனக்கு மிகவும் பிடித்தமானது. குறுகிய கழுத்தும் அகன்ற வயிறும் உடைய மண்குடத்தில் ஆட்டிறைச்சி, பூண்டு, சீரகம், குங்குமப்பூ, உப்பில் ஊறிய எலுமிச்சை, பதப்படுத்திய வெண்ணெய் ஆகியவற்றை இட்டு, வாயைக் காகிதத்தால் மூடிக் கட்டி, குடத்தைத் தூக்கிக்கொண்டு போவது பொதுக் குளிப்பறைக்கு. அங்கே நீர் காய்ச்சும் உலைக்காரன் அதை வாங்கிச் சாம்பலில் புதைத்து வைப்பான். தஞ்சியா என்னும் அந்தப் பதார்த்தம் பல மணி நேரம் அப்படியே கிடந்து பக்குவமாகும். இதைச் சமைப்பது அங்கே பெரும்பாலும் ஆண்களின் காரியம் என்பதையும் சொல்லிவைக்கிறேன். வீட்டில் அடுப்பு மூட்ட வேண்டாம், குடத்தில் அள்ளிப் போட்டால் போதும் என்றவுடன் ஆண்பிள்ளைகளுக்கும் சமையல் வந்துவிடுகிறது போலும்! பிறர் மூட்டிய தீயின் மிச்சத்தில் சமைப்பது என்ற விஷயத்தில் வில்னாவின் சோலன்டும் மராக்கேஷின் தஞ்சியாவும் உடன்பிறப்புகள்.

நம் நாட்டிலும் இதற்கு உறவு உண்டு. 1910ஆம் வருஷத்தில் கல்கத்தாவில் இந்துமாதவ மல்லிக் என்னும் டாக்டர் இக்மிக் குக்கர் என்ற கலத்தை ஆக்கினார். அடியில் சிறு கரித்தணல், அதன்மேல் நீர், அதன்மேல் அடுக்கடுக்காகச் சோறும் பருப்பும் கறியும் வைக்கும் பாத்திரங்கள். மூடிவைத்துவிட்டு வேறு காரியத்தைப் பார்க்கப் போகலாம். தமிழ்நாட்டில் ருக்மணி குக்கர் என்று வழங்கிய கரியடுப்புக் கலமும் அதே இனத்தது. தனிக்கட்டையாக ஊர் மாறி வந்த உத்தியோகஸ்தர்களுக்கு அது பெரிய ஆதரவாக இருந்தது.

கோடையில் இந்தக் கலத்தில் எவற்றைச் சமைப்பது? சூடான குழம்பை மே மாதத்தில் யார் விரும்புவார்கள் என்று கேட்பவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். இதில் வெந்ததைச் சூடாகவே உண்ண வேண்டும் என்ற நியதி ஏதும் இல்லை. அமெரிக்கத் தென்மாநிலத்தார் பன்றியின் தோள்பாகத்தை இரவெல்லாம் வேகவைத்துக் காலையில் முள்கரண்டியால் நார்நாராகப் பிரித்து, குளிர்பெட்டியில் வைத்து, கோஸும் வெள்ளரிக்காய் ஊறுகாயும் சேர்த்து ரொட்டிக்குள் வைத்து உண்கிறார்கள். தோள், கால் முதலிய, மிகவும் உழைத்த அவயவங்களின் இறைச்சி விலை மலிவு, ஆனால் கடினம். அதிலுள்ள கொலாஜன் என்னும் இணைப்புத் திசுப் புரதம் 70 டிகிரி செல்ஷியஸுக்கு மேல் பல மணி நேரம் இருந்தால்தான் ஜெலட்டினாகக் கரைந்து இளகும். அவசரத் தீயில் வெறும் தோலாக இறுகிப்போகும் அந்தத் துண்டு, நிதானச் சூட்டில் வெண்ணெய்போல் பிரிகிறது. கொண்டைக்கடலை, மொச்சை, உருளைக்கிழங்கு இவற்றையும் இரவில் வேகவைத்து, காலையில் ஆறவைத்து, வெங்காயமும் எலுமிச்சம்பழச் சாறும் கொத்தமல்லியும் கலந்து பகலில் குளிர்ச்சியாகவே உண்ணலாம். ஒரு சங்கதியில் ஜாக்கிரதை வேண்டும்: கிழங்கும் காரட்டும் இறைச்சியைவிட மெதுவாகவே வேகும். ஆகையால் அவற்றைச் சிறியனவாக நறுக்கிச் சட்டியின் அடியிலும் சுவரோரங்களிலும் இட்டு, இறைச்சியை மேலே வைக்க வேண்டும். பால், தயிர், தேங்காய்ப்பால் முதலியவை முதலிலேயே சேர்ந்தால் திரிந்துவிடும். கடைசி அரைமணியில் சேர்ப்பது உத்தமம். சோறு மட்டும் இதில் சரிப்படாது, குழைந்து களியாகிறது.

அமெரிக்காவுக்குப் போன நம்மவர்களும் இதைக் கைக்கொண்டிருக்கிறார்கள். சிக்காகோவில் வாழும் அனுபி சிங்லா என்பவர் இந்திய உணவுகளை ஸ்லோ குக்கரில் சமைக்கும் முறைகளை ஒரு புத்தகமாக 2010இல் வெளியிட்டார். நாக்ஸனின் நகரத்திலேயே இது நிகழ்ந்தது பொருத்தமானதுதான். கறுப்பு உளுந்தும் கடலையும் அதில் மிக நன்றாகவே அமைகின்றன. ஆனால் தாளிப்பதற்கு அது உதவாது. கடுகு வெடிக்கும் சூட்டை அந்தப் பீங்கான் ஒருபோதும் எட்டாது. கடைசியில் ஒரு சிறு கரண்டி எண்ணெயை அடுப்பில் காயவைத்து, கடுகும் கறிவேப்பிலையும் போட்டு, வந்து கொட்ட வேண்டியதே. ஓரிரு நிமிஷத்து அந்த உஷ்ணத்தை எந்தக் கோடையும் பொறுத்துக்கொள்ளும். வெறும் துவரம்பருப்பு வேகவைப்பதுதான் காரியம் என்றால் இந்தக் கலத்தை நாட வேண்டிய அவசியமே இல்லை. பிரஷர் குக்கர் கால் மணியில் முடித்துவிடும், மொத்தச் செலவும் குறைவு.

குமிழில் குறைந்த சூடு, மிகுந்த சூடு என்று இரண்டு நிலைகள் உண்டு. குறைந்த சூட்டில் வைத்தால் உணவு மிகுந்த சூட்டின் அளவுக்கு ஏறாமலே இருக்கும் என்று பலரும் எண்ணுகிறார்கள். உண்மையில் இரண்டும் கடைசியில் ஏறக்குறைய ஒரே உஷ்ணத்தை, அதாவது கொதிநிலைக்குச் சற்றுக் கீழான அளவைத்தான் எட்டுகின்றன. எட்டுவதற்கு எடுத்துக்கொள்ளும் காலமே வேறு. குறைந்த சூட்டில் ஏழெட்டு மணி ஆவது, மிகுந்த சூட்டில் மூன்று நான்கு மணியில் ஆகிவிடும்.

இந்தக் காலதாமதத்தில்தான் ஓர் அபாயமும் இருக்கிறது. கோடையில் அது அதிகமாகவே இருக்கிறது. 4 டிகிரி முதல் 60 டிகிரி செல்ஷியஸ் வரையில் உள்ள இடைவெளி நுண்கிருமிகளுக்கு மிகவும் உகந்தது. அனுகூலமான நிலையில் 20 நிமிஷத்துக்கு ஒரு முறை அவை இரட்டித்துப் பெருகக்கூடும். உணவு அந்த இடைவெளியை விரைவில் கடந்துவிட வேண்டும். ஆதலால் பனிக்கட்டியாக உறைந்த இறைச்சியை அப்படியே கலத்தில் இடலாகாது. முன்னதாகக் குளிர்பெட்டியின் கீழ்த்தட்டில் வைத்து இளகச் செய்ய வேண்டும். முதல் ஒரு மணி நேரம் மிகுந்த சூட்டில் வைத்துப் பிறகு குறைப்பது நலம். பாதிக்குக் குறையாமலும் மூன்றில் இரண்டு பங்குக்கு மிகாமலும் கலத்தை நிரப்ப வேண்டும். மூடியைத் திறந்து திறந்து பார்க்கும் ஆவலை அடக்கிக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு முறை திறக்கும்போதும் சேர்த்துவைத்த சூடு ஓடிவிடுவதால், சமையல் இருபது முப்பது நிமிஷம் பின்தங்குகிறது. சமைத்து மிஞ்சியதை அதிலேயே வைத்து மறுபடி சூடாக்குவதும் தவறு. அது சூடேறும் நிதானமே அங்கே தீங்காகிவிடும். மிச்சத்தை ஆழமில்லாத பாத்திரங்களில் பங்கிட்டுக் குளிர்பெட்டியில் வைக்க வேண்டும். சாதாரண நாளில் இதற்கு இரண்டு மணி நேரம் கெடு என்றும், சுற்றுப்புறத்து உஷ்ணம் 32 டிகிரிக்கு மேற்பட்டால் ஒரு மணி நேரமே கெடு என்றும் அமெரிக்க விவசாய இலாகா விதித்திருக்கிறது. நம் சித்திரை வைகாசியில் 32 டிகிரி என்பது காலை எட்டு மணிக்கே வந்துவிடுகிற அளவு.

ராஜ்மா என்னும் சிவப்புப் பயற்றைப் பற்றித் தனியே எச்சரிக்க வேண்டும். பயறு வேகவைப்பதற்கென்றே பிறந்த கலத்தில் இந்தப் பயற்றை மட்டும் நேராக இடலாகாது என்பது ஒரு விசித்திரம். அதில் ஃபைட்டோஹீமாக்ளூட்டினின் என்னும் நச்சுப் புரதம் உண்டு. வேகாத பயறு நான்கைந்தை உண்டாலே கடுமையான வாந்தியும் வயிற்றுப்போக்கும் காணக்கூடும். நன்றாகக் கொதிக்கும் நீரில் அது அழிந்துவிடும். ஆனால் 80 டிகிரியை எட்டாத மிதமான சூட்டில் அழியாததோடு, அதன் வீரியம் பச்சையாக இருந்ததைவிடப் பன்மடங்கு ஓங்குவதும் உண்டு. ஸ்லோ குக்கர் பல மணி நேரம் அந்தச் சூட்டில்தான் தயங்கி நிற்கிறது. எனவே பயற்றை ஐந்து மணி நேரமாவது ஊறவைத்து, ஊறிய நீரைக் கொட்டிவிட்டு, புதிய நீரில் அடுப்பின்மேல் குறைந்தது பத்து நிமிஷம் தளதளவென்று கொதிக்கவிட்டு, அதன் பின்னரே கலத்தில் சேர்க்க வேண்டும். அரைமணி கொதிக்கவைப்பது இன்னும் நிச்சயமானது.

மின்சாரம் இடையில் நின்றுபோனால் என்ன செய்வது என்ற கேள்வி நம்மவர்களுக்கு இயல்பாகவே எழும். வீட்டில் ஆள் இருந்தால், பாதி வெந்ததை உடனே எரிவாயு அடுப்புக்கு மாற்றி முடித்துவிடலாம். முற்றிலும் வெந்தபின் நின்றிருந்தால் இரண்டு மணி நேரம் வரையில் பயமில்லை. வேலைக்குப் போய்விட்டு மாலையில் திரும்பும்போது, சுவரிலுள்ள மின்கடிகாரமோ வேறெதுவோ இடையில் மின்சாரம் நின்றதைக் காட்டினால், பார்வைக்கும் வாசனைக்கும் எவ்வளவு நன்றாக இருந்தாலும் அதைக் கொட்டிவிட வேண்டியதுதான். கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை என்று மனம் வருந்தும். வயிறு வருந்துவதைவிட அது மேல்.

வாங்க நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அமெரிக்காவிலிருந்து விடுமுறைக்கு வரும் பிள்ளையோ மருமகளோ, அம்மா வெயிலில் அடுப்படியில் நிற்கிறாளே என்ற பரிவினால் அங்கே வாங்கிய ஸ்லோ குக்கரைப் பெட்டிக்குள் வைத்துக் கொண்டுவருவதுண்டு. அந்நாட்டு மின்சாரம் 120 வோல்ட். நம்முடையது 230 வோல்ட். அங்கே 200 வாட் இழுக்கும் கம்பியை இங்கே நேராகச் செருகினால், வோல்டேஜின் வர்க்கத்துக்கு ஏற்ப வாட் ஏறி, 700க்கு மேல் போய்விடும். சில நிமிஷத்தில் கம்பி கருகிவிடும், பீங்கான் வெடித்தாலும் வியப்பில்லை. மின்னழுத்தத்தைக் குறைக்கும் டிரான்ஸ்பார்மர் ஒன்றைத் தனியே வாங்கி இணைக்கலாம் என்றாலும், அது எட்டு மணி நேரம் முனகிக்கொண்டு தானும் கொஞ்சம் சூட்டை அடுக்களைக்கு வழங்கும். 230 வோல்ட்டுக்கென்று செய்யப்பட்டதை இங்கேயே வாங்குவதுதான் நல்லது. நான்கைந்து பேர் உள்ள குடும்பத்துக்கு நாலு லிட்டர் முதல் ஆறு லிட்டர் வரை கொள்ளும் அளவு போதும். வாங்கியபின் சூடான சட்டியில் குழாயைத் திறந்து தண்ணீர் பிடித்துவிடாதீர்கள். ஆறட்டும், அதற்கும் அவசரமில்லை.